பன்னிரண்டு படம், ஒரே வானம்

குட்டி விஞ்ஞானியே, வா, பக்கத்தில் உட்கார்.

போன கோடை விடுமுறையில் என் அக்கா மகளைத் தஞ்சாவூர் பெரிய கோவிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு முடித்தவள். உன் வயதுதான் இருக்கும். கையில் அவள் அம்மாவின் செல்போன்.

ராசராசன் திருவாயிலைத் தாண்டி உள்ளே நுழைந்தோம். அவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே நந்தி மண்டபம். அதற்குப் பின்னால் 216 அடி உயர விமானம். சுற்றிலும் தூண் தூணாக நீளும் திருச்சுற்று மாளிகை. மேலே மாலை வானம்.

போனைத் தூக்கினாள். விமானம் வந்தது, மாளிகை விட்டுப்போனது. மாளிகை வந்தது, நந்தி விட்டுப்போனது. பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசியில் முதுகு சுவரில் முட்டியது.

"மாமா, கண்ணால பார்த்தா எல்லாமே தெரியுது. போன்ல மட்டும் ஏன் பாதி பாதியா வருது?"

எவ்வளவு அருமையான கேள்வி! இப்படிக் கேட்கிற பிள்ளைக்கு எத்தனை மாம்பழம் வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம்.

உன்னைச் சுற்றி ஒரு முழு வட்டம் இருக்கிறது. அந்த வட்டத்தை 360 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு டிகிரி. நம் இரண்டு கண்ணும் சேர்ந்து ஏறக்குறைய 200 டிகிரி அகலத்தைப் பார்க்கின்றன. செல்போனின் வழக்கமான லென்ஸ், படுக்கவைத்துப் பிடித்தால், சுமார் 70 டிகிரிதான் பார்க்கும். அது பார்ப்பது நீ பார்ப்பதில் பாதிகூட இல்லை.

இன்னொரு ரகசியமும் உண்டு. ஒரு கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பார். அந்த நகத்தின் அகலம் இருக்கிறதே, ஏறக்குறைய அவ்வளவு இடம்தான் உன் கண்ணுக்கு மிகக் கூர்மையாகத் தெரியும். மற்றதெல்லாம் கொஞ்சம் மங்கல். ஆனால் உன் கண் சும்மா இருப்பதில்லை. இங்கே அங்கே என்று தாவிக்கொண்டே இருக்கிறது. தாவிப் பார்த்த துண்டுகளை எல்லாம் மூளை ஒன்றாகச் சேர்த்து, 'இதோ முழுக் கோவில்' என்று உன்னிடம் கொடுக்கிறது.

அப்படியானால் கேமராவுக்கும் அதே வழியைச் சொல்லிக்கொடுத்தால் என்ன? துண்டு துண்டாக எடுப்பது, பிறகு சேர்ப்பது. அப்படிச் சேர்த்த படத்துக்குத்தான் பனோரமா என்று பெயர். 1787-இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், ஓர் இடத்தைச் சுற்றுமுற்றும் வரைந்து காட்டும் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய வட்ட ஓவியங்களுக்குத்தான் இந்தப் பெயர் முதலில் வந்தது. கிரேக்கத்தில் 'எல்லாம்', 'காட்சி' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது அது. தமிழில் 'சுற்றுக்காட்சி' என்று சொன்னால் எனக்குப் பிடிக்கும்.

"போன்லயே பனோரமா இருக்கே மாமா!" என்றாள் அவள். உடனே அந்த வசதியை இயக்கிப் போனைச் சரசரவென்று இடமிருந்து வலமாக இழுத்தாள்.

படத்தைப் பார்த்தோம். தூண்கள் பாம்பு மாதிரி நெளிந்திருந்தன. நடந்து போன ஒரு பாட்டியின் புடவை ஐந்து முழம் கூடுதலாக நீண்டிருந்தது. ஒரு நாய்க்கு ஆறு கால்!

அவள் முகம் வாடிவிட்டது. "வாடாதே கண்ணு, இந்த ஆறு கால் நாய்தான் இன்றைக்கு நமக்கு வாத்தியார்" என்றேன்.

என்ன நடந்தது தெரியுமா? நீ போனை இழுக்கும்போது அது படபடவென்று பல படங்களை எடுக்கிறது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய கீற்றை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. நாய் சும்மா நிற்கவில்லை. போன் நகர்ந்த பக்கமே அதுவும் நடந்தது. அதனால் ஒரு கீற்றில் வந்த கால் அடுத்த கீற்றிலும் வந்துவிட்டது.

இது பழைய வேடிக்கைதான். அமெரிக்காவில் 1904-இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் என்ற கேமரா, சாவி கொடுத்த கடிகாரம் போலத் தன் தாங்கியின் மேல் தானே மெல்லச் சுழலும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து நீளமான படம் எடுப்பார்கள். இடது கோடியில் நிற்கும் குறும்புக்காரப் பையன், கேமரா தன்னைத் தாண்டியதும் எல்லாருக்கும் பின்னால் ஓடி வலது கோடிக்குப் போய் நின்றுவிடுவான். படத்தில் ஒரே பையன் இரண்டு முனையிலும் சிரித்துக்கொண்டிருப்பான்!

புல்தரையில் உட்கார்ந்தோம். விமானத்தின் அடித்தளத்தைக் காட்டினேன். "அங்கே வரி வரியாக எழுத்து தெரிகிறதா? ராசராச சோழன் இந்தக் கோவிலுக்குக் கொடுத்த கொடைகளை எல்லாம் அங்கே வெட்டிவைத்திருக்கிறார்கள். 1858-இல் ஒருவர் இந்த எழுத்துகளைப் படம் பிடிக்க வந்தார். ஒரே படத்தில் அடங்கவில்லை. என்ன செய்திருப்பார், சொல்லு?"

"துண்டு துண்டா எடுத்தாரா?"

சரியாகச் சொன்னாள். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். ஆங்கிலேயப் படையில் கேப்டன், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். அப்போது மின்விளக்கு இல்லை, பிலிம் சுருள் இல்லை, கணினி இல்லை. மெழுகேற்றிய காகிதத்தில்தான் அவர் படம் பிடித்தார். கல்வெட்டு ஓடும் சுவரைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்தார். நீளம் 19 அடி! மூன்று பெரிய ஆட்கள் தலைக்குக் கால் படுத்தாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

அந்த இடத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது எனக்கே சிலிர்த்துவிட்டது. சுற்றுக்காட்சி என்பது எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடந்த கதை இல்லை. 160 வருடங்களுக்கும் முன்னால் அந்தக் கல்தரையில் நடந்த கதையும்தான்.

சரி, இனி நம் வேலைக்கு வருவோம். நிறையப் பேர் 'எப்படி எடுத்தாலும் கணினி ஒட்டிக்கொடுத்துவிடும்' என்று நினைக்கிறார்கள். அது தவறு. பாதி வேலை படம் எடுக்கிற இடத்தில், உன் காலிலும் கையிலும் இருக்கிறது. அதை நீ சரியாகச் செய்தால்தான் மீதிப் பாதியைக் கணினி செய்யும்.

சுவரில் பெரிய சினிமா போஸ்டர் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறாயா? கதாநாயகன் ஒரே தாளில் வருவதில்லை. பல தாள்கள். ஒரு தாளின் ஓரம் அடுத்த தாளின் மேல் கொஞ்சம் படியும்படி ஒட்டுவார்கள். ஓரம் படியாவிட்டால் நடுவில் சுவர் எட்டிப் பார்க்கும்.

நம் படங்களும் அப்படித்தான் படிய வேண்டும். ஆனால் போஸ்டரைவிட அதிகமாக. ஒரு படத்தில் வந்த காட்சியில் மூன்றில் ஒரு பங்காவது அடுத்த படத்திலும் வர வேண்டும். அந்தப் பொது இடத்தை வைத்துத்தான் கணினி 'ஓ, இவர்கள் இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரர்கள்' என்று கண்டுபிடிக்கும்.

இப்போது ஒரு குட்டிக் கணக்கு. போனைச் செங்குத்தாகப் பிடி. அகலத்தில் ஏறக்குறைய 50 டிகிரி வரும். அகலம் குறைந்துவிட்டதே என்று கவலைப்படாதே. உயரம் கூடியிருக்கிறது, விமானமும் வானமும் நன்றாக அடங்கும். உன் காலடியில் ஒரு பெரிய கடிகாரம் கிடப்பதாக நினைத்துக்கொள். 12-ஐப் பார்த்து ஒரு படம். 1-ஐப் பார்த்து ஒரு படம். 2-ஐப் பார்த்து ஒரு படம். இப்படியே 11 வரை. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் 30 டிகிரி. ஒவ்வொரு படமும் 50 டிகிரி. அப்படியானால் எவ்வளவு படியும்?

நீயே கழித்துப் பார். 20 டிகிரி! மூன்றில் ஒரு பங்கைவிடக் கூடுதல். பன்னிரண்டு படத்தில் முழு வட்டமும் முடிந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்கு எப்படி உதவுகிறது பார்த்தாயா?

அடுத்தது மிக முக்கியம். இங்கேதான் பெரியவர்களே தவறுகிறார்கள்.

ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டு. ஒரு கண்ணை மூடு. இப்போது தலையை மட்டும் ஒரு சாண் பக்கவாட்டில் நகர்த்து. விரல் பின்னாலிருக்கும் சுவரின் மேல் தாவுகிறது, இல்லையா? இப்போது பட்டம் விடும் நாளை நினைத்துக்கொள். பட்டம் மிக உயரத்தில் நிற்கிறது. நீ நாலடி நகர்கிறாய். அது இருந்த இடத்திலேயே இருப்பதுபோலத் தெரியும். ஆனால் பக்கத்தில் நிற்கும் வேப்பமரம் நகர்ந்துவிடும்.

கேமரா இடம் மாறினால் கிட்டே இருப்பது அதிகம் நகரும், எட்டி இருப்பது கொஞ்சமாக நகரும். புரிந்ததா? இன்னொரு தடவை விரலை நீட்டிப் பார்த்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

முதல் படத்தில் தூணுக்கு இடப்பக்கம் தெரிந்த விளக்கு, அடுத்த படத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் கணினி என்ன செய்யும், பாவம்? எந்தப் படத்தை நம்பும்? தூணைப் பொருத்தினால் விளக்கு விலகும். விளக்கைப் பொருத்தினால் தூண் உடையும்.

அதனால் கேமராவின் கண் இடம் மாறக் கூடாது. திரும்ப மட்டும்தான் வேண்டும். நாம் போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சுழற்றுகிறோம். அப்போது லென்ஸ் நம்மைச் சுற்றி ஒரு வட்டமே போட்டுவிடுகிறது! செய்ய வேண்டியது நேர் எதிர். லென்ஸ் ஒரே இடத்தில் நிற்கட்டும். நீ அதைச் சுற்றி நட.

அதற்கு ஒரு எளிய வழி உண்டு. கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு தொங்கவிடுவாரே, அதேதான். அன்று இரவு வீட்டு மொட்டைமாடியில் அதைச் செய்து பார்த்தோம். பாட்டியின் பூ கட்டும் நூலில் ஒரு பழைய சாவியைக் கட்டினோம். நூலின் மறுமுனையைப் போனில், லென்ஸுக்குப் பக்கத்தில், லென்ஸை மறைக்காமல் ஒட்டினோம். தரையில் ஒரு நாணயம். ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் சாவி அந்த நாணயத்துக்கு நேர் மேலே தொங்க வேண்டும். அவ்வளவுதான். பெரிய பெரிய புகைப்படக்காரர்களும் இந்த நூல் வித்தையைச் செய்கிறார்கள்.

இப்போது நீ என்னை மடக்கலாம். "டிரைப் கேமராவை நகர்த்தித்தானே எடுத்தார்? அவருக்கு மட்டும் எப்படிப் பொருந்தியது?"

கேட்டாயா? கேட்டிருந்தால் உனக்கு ஒரு சபாஷ்! கொஞ்சம் யோசி. அவர் எடுத்தது சுவரிலுள்ள எழுத்தை. எழுத்தெல்லாம் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். கிட்டே ஒன்று, எட்டி ஒன்று என்று இல்லை. அதனால் ஒன்றை முந்தி இன்னொன்று நகரவில்லை. சுவர், கோலம், தரையில் விரித்த வரைபடம் போன்ற தட்டையான பொருளுக்கு நடந்தபடி எடுக்கலாம். தூணும் மரமும் மனிதரும் முன்னும் பின்னுமாக நிற்கும் முற்றத்துக்கு நின்ற இடத்தில் திரும்பித்தான் எடுக்க வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு எச்சரிக்கை. மாலையில் மேற்கே சூரியன் இருக்கும் பக்கம் பளபளவென்று இருக்கும். கிழக்கே மங்கலாக இருக்கும். போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதன் குணம் அது. அப்படி விட்டால் ஒரே வானம் பன்னிரண்டு நீலத்தில் வரும். பல போன்களில் திரையை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவும் குவியமும் பூட்டிக்கொள்ளும். மிகப் பளிச்சென்றும் இல்லாமல், மிக இருட்டாகவும் இல்லாமல் நடுத்தரமான இடத்தைப் பார்த்துப் பூட்டு. பூட்டிய பிறகு சுற்று.

மறுநாள் காலை, கூட்டம் வருவதற்கு முன்னால், கோவிலுக்குத் திரும்பப் போனோம். நூல், சாவி, நாணயம். பன்னிரண்டு படம். அவள் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தோம். ஹூகின் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. காசு வேண்டாம். ஜெர்மனியைச் சேர்ந்த பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ் 1998-இல் எழுதிய நிரல்களின் மேல் கட்டி எழுப்பியது அது. போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் அதில் உள்ள போட்டோமெர்ஜ் வசதியைப் பயன்படுத்தலாம். எதுவானாலும் உள்ளே நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். வா, உள்ளே எட்டிப் பார்ப்போம்.

கணினிக்குக் கோவில் தெரியாது, வானம் தெரியாது. அதற்குப் படம் என்பது எண்கள் நிரம்பிய கட்டம். இந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சம், அந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எப்படிப் பொது இடத்தைக் கண்டுபிடிக்கிறது?

நீயே கணினியாகிப் பார். ஒரு தாளின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போடு. அதை ஏதாவது ஒரு படத்தின் மேல் வை. ஓட்டைக்குள் வெறும் வானம் தெரிகிறதா? தாளைக் கொஞ்சம் நகர்த்து. ஒன்றும் மாறவில்லை. எங்கே இருக்கிறாய் என்றே தெரியாது. இப்போது சுவரின் நேரான ஓரத்தில் வை. ஓரத்தோடு மேலும் கீழும் நகர்த்தினால் அப்போதும் மாற்றம் தெரியாது. ஆனால் ஒரு ஜன்னலின் மூலையில் வை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் உடனே தெரிந்துவிடும்!

மூலைதான் துப்பு. மூலை, முனை, சிற்பத்தின் மூக்கு, சுவரில் ஒரு கறை. இப்படிப்பட்ட தனித்த இடங்களைக் கணினி ஆயிரக்கணக்கில் பொறுக்குகிறது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த தம்பியை 'வெள்ளைச் சட்டை' என்று தேடினால் கிடைப்பானா? 'நெற்றியில் பிறை மாதிரி தழும்பு' என்று தேடினால் கிடைப்பான். அதே கதை.

கேமரா கொஞ்சம் சாய்ந்தால், ஒரு படத்தில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் தெரிந்தால்? மாம்பழத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் தூரத்தில் வைத்தாலும் உனக்கு அது மாம்பழம்தான். கணினிக்கு அந்தப் புத்தி இயல்பாக வராது. கனடாவில் டேவிட் லோ என்ற ஆராய்ச்சியாளர் 1999-இல் அதற்கு ஒரு வழி சொன்னார். திருப்பினாலும் அளவு மாறினாலும் மாறாத மாதிரி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அங்க அடையாளம் எழுதிவைக்கும் வழி. பிறகு அவரும் மாத்யூ பிரவுன் என்பவரும் சேர்ந்து 2003-இல் இன்னும் ஒரு படி போனார்கள். பல ஊர்ப் படங்களைக் கலந்து குவித்துக் கொடுத்தாலும், எது எதோடு சேரும் என்று கணினியே பிரித்து ஒட்டியது.

ஆனால் திருச்சுற்று மாளிகையில் எத்தனை தூண்! ஒன்றைப் போலவே இன்னொன்று. கணினி மூன்றாம் தூணை நாலாம் தூண் என்று நினைத்து ஏமாறாதா?

ஏமாறும். அதனால் அது வகுப்பில் தலைவனைத் தேர்ந்தெடுப்பதுபோல ஓட்டெடுப்பு நடத்துகிறது. ஜோடி சேர்த்த புள்ளிகளில் கண்ணை மூடிக்கொண்டு நாலு ஜோடியை எடுக்கும். இந்த நாலும் சரி என்றால் படத்தை எவ்வளவு நகர்த்த வேண்டும், எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று கணக்குப் போடும். பிறகு மற்ற ஜோடிகளைக் கேட்கும்: 'இந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்துகிறதா?' கொஞ்சம் பேர் கை தூக்கினால் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு நாலு ஜோடி. இப்படித் திரும்பத் திரும்ப. மிக அதிகக் கை எந்தக் கணக்குக்கு உயர்கிறதோ அதுவே சரி. தவறான ஜோடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் பொய் சொல்லும். உண்மையான ஜோடிகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லும். பிஷ்லர், போல்ஸ் என்ற இருவர் 1981-இல் சொன்ன வழி இது. எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் ஒன்று.

பொருத்தம் கிடைத்தாயிற்று. இப்படியே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடலாமா? முடியாது. ஒவ்வொரு படமும் ஒரு தட்டையான அட்டை. நீயோ வட்டத்தின் நடுவில் நிற்கிறாய். பெரிய கண்ணாடி உருண்டைக்குள் நீ நிற்பதாகவும், பன்னிரண்டு அட்டைகள் அந்த உருண்டையைச் சுற்றி வெளியே நிற்பதாகவும் நினைத்துக்கொள். கணினி ஒவ்வோர் அட்டையையும் வளைத்து அந்த உருண்டையின் மேல் ஒட்டுகிறது. பிறகு உருண்டையை ஓரிடத்தில் வெட்டித் தட்டையாக விரிக்கிறது.

சாத்துக்குடித் தோலை உரித்து மேசையில் தட்டையாக அழுத்திப் பார்த்திருக்கிறாயா? ஒன்று கிழியும், இல்லாவிட்டால் இழுத்து நீட்ட வேண்டும். உருண்டையைத் தட்டையாக்கினால் ஏதாவது ஒன்று மாறித்தான் தீரும். உலகப் படம் வரைகிறவர்களுக்கும் இதே தலைவலி. அதனால் உன் சுற்றுக்காட்சியில் நேரான மதில் வில் போல வளைந்து தெரிந்தால் பயப்படாதே. அது பிழை இல்லை, விரித்ததன் அடையாளம். எப்படி விரிப்பது என்று மென்பொருள் உன்னைக் கேட்கும். குறைந்த அகலத்துக்கு நேர்கோடுகளைக் காப்பாற்றும் முறை நல்லது. முழு வட்டத்துக்கு உருளை முறை நல்லது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்.

கடைசியாக, தையல் தெரியாமல் மறைக்க வேண்டும். எவ்வளவுதான் பூட்டினாலும் ஒரு படத்தின் வானமும் அடுத்த படத்தின் வானமும் இம்மி வேறுபடும். ஓரங்களைக் கலக்கலாம். அகலமாகக் கலந்தால் வானம் அழகாகிவிடும், ஆனால் சிற்பங்கள் இரட்டையாகி மங்கும். ஒடுக்கமாகக் கலந்தால் சிற்பம் தெளிவாக இருக்கும், வானத்தில் கோடு தெரியும். என்ன செய்வது?

1983-இல் பர்ட், ஏடல்சன் என்ற இருவர் இதற்கு அழகான விடை கண்டார்கள். படத்தை முதலில் பிரித்துவிடு. மெல்ல மெல்ல மாறும் பெரிய நிறத் திட்டுகள் தனி. நுணுக்கமான கோடுகள் தனி. திட்டுகளை அகலமாகக் கலக்கு. கோடுகளை ஒடுக்கமாகக் கலக்கு. பிறகு திரும்பச் சேர். நீ வண்ணம் தீட்டும்போது வானத்துக்கு ஈரத் தூரிகையால் அகலமாகப் பூசி, கோபுரத்துக்குக் கூர்மையான பென்சிலை எடுக்கிறாயே, அதே புத்தி. இதைக் காட்ட அவர்கள் பாதி ஆப்பிளையும் பாதி ஆரஞ்சையும் ஒட்டிக் காட்டினார்கள். ஒரு பக்கம் ஆப்பிள், மறுபக்கம் ஆரஞ்சு. நடுவில் தையலே தெரியாது!

எங்கள் படத்தில் ஒரு சிக்கல் மிஞ்சியது. சிவப்புப் புடவை கட்டிய ஓர் அம்மா நாலாம் படத்திலும் இருந்தார், ஐந்தாம் படத்திலும் இருந்தார். நடந்து போய்க்கொண்டிருந்தாரல்லவா? ஹூகினில் மறைப்பு என்று ஒரு வசதி உண்டு. நாலாம் படத்தில் அவரைச் சுற்றிக் கோடு போட்டு, 'இந்த இடத்தை எடுக்காதே' என்று சொன்னோம். அந்த இடத்துக்கு ஐந்தாம் படத்தின் வெறும் தரையைக் கணினி எடுத்துக்கொண்டது. இரண்டு படமும் தாராளமாகப் படிந்திருந்ததால்தான் அது முடிந்தது.

பன்னிரண்டாவது படம் முதல் படத்தோடு வந்து சேர்ந்த நொடியில் அவள் கத்திய கத்தலில் அடுப்படியிலிருந்து பாட்டி ஓடி வந்தார்.

கையால் ஒட்டிய காலத்தில் இது எவ்வளவு கஷ்டம்! 1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் சான்பிரான்சிஸ்கோ நகரத்தை ஒரு குன்றின் மேலிருந்த மாளிகையிலிருந்து முழு வட்டமாக எடுத்தார். 13 பெரிய கண்ணாடித் தட்டுகள். சேர்த்தால் நீளம் சுமார் 17 அடி. ஒவ்வொரு தட்டுக்கும் மருந்து பூசி, எடுத்து, கழுவ வேண்டும். அதற்குள் சூரியன் நகர்ந்துவிடும். ஒரு துண்டை மட்டும் அவர் வரிசையில் எடுக்காமல் நேரம் கழித்து எடுத்திருக்கிறார். நிழலைக் கவனித்தவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதே நிழல் தொல்லை செவ்வாய்க் கோளிலும் உண்டு. நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி 2019 நவம்பர் 24 முதல் டிசம்பர் 1 வரையிலான நாட்களில் தன்னைச் சுற்றி 1,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. சேர்த்துக் கட்டிய சுற்றுக்காட்சியில் 180 கோடிப் புள்ளிகள். அந்த நாட்களுக்குள் நாலு நாள் படம் பிடித்தது; மொத்தம் ஆறரை மணி நேரத்துக்கும் மேல் வேலை. நிழல் திசை மாறக் கூடாது என்று என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளிக்கூட மணி அடித்ததுபோல, ஒவ்வொரு நாளும் செவ்வாயின் பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் மட்டும் எடுக்கவைத்தார்கள். அந்த ஊர்தியின் பெயருக்கு 'அறியும் ஆவல்' என்று பொருள். உன்னிடம் இருப்பதும் அதுதானே?

மைபிரிட்ஜ் எடுத்த நகரத்தின் பெரும்பகுதியை 1906-இல் வந்த பூகம்பமும் தீயும் அழித்துவிட்டன. அவர் கேமரா வைத்த மாளிகையும் எரிந்துபோனது. எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு இருந்தது என்று அந்தப் 13 துண்டுகள் இன்றும் சொல்கின்றன.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உன் தெருவை எடு. மொட்டைமாடியானால் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி, ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொள். நூலும் சாவியும் நாணயமும் எடுத்துக்கொள். பன்னிரண்டு படம். ஒட்டி முடித்த பிறகும் அந்தப் பன்னிரண்டையும் அழித்துவிடாதே. தேதி, நேரம், நின்ற இடம் மூன்றையும் எழுதிவை. நாணயம் வைத்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, சுவரிலிருந்து அது எத்தனை அடி என்று அளந்து குறித்துக்கொள். அடுத்த வருடம் அதே நாளில், அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று இன்னொரு வட்டம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்.